குல்மார்க் பனிச்சறுக்கு

குல்மார்க், ஜம்மு காஷ்மீர் ஒன்றியப் பகுதியின் பாரமுல்லா மாவட்டத்தில் பீர் பஞ்சால் மலைத்தொடரில் உள்ள மலைப் புல்வெளி. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரம். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவு. அடிவாரச் சிற்றூர் தங்மார்க். இந்தியாவில் பனிச்சறுக்கு வேரூன்றிய இடம் இதுவே. டிசம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை சறுக்குக் காலம். அந்தக் காலத்தின் நட்டநடுவில் வெயில் காய்ந்து, பனி வற்றி, புல் தெரிகிற நிலை அண்மை ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் நேர்ந்திருக்கிறது.

சொல்லும் பொருளும்

தமிழில் 'பனி' ஒரே சொல். அது சுமக்கும் பொருள்கள் பல. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஒருவர் "பனி கொட்டுது" என்றால், மார்கழி விடியலில் சங்கராபரணி ஆற்றோரம் எதிரில் வருபவர் முகம் தெரியாதபடி மூடும் மூடுபனியையும், வைக்கோல்போரை நனைக்கும் பனித்துளியையும் சொல்கிறார். நீலகிரிக்காரருக்கு அது தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனி. காஷ்மீரில் வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக விழுந்து முழங்காலளவு குவிவதற்கும் நாம் அதே சொல்லைத்தான் எடுத்தாள்கிறோம். கனடாவில் குடியேறிய ஈழத்தமிழர் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க "ஸ்நோ கொட்டுது" என்றே சொல்லிவிடுகிறார்கள். 'வெண்பனி' என்ற சொல் எழுத்தில் வழங்கினாலும் பேச்சில் ஊன்றவில்லை. இக்கட்டுரையில் பனி என்பது வானிலிருந்து விழும் வெண்பனியையே குறிக்கும்.

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்து, மார்கழியையும் தையையும் முன்பனிக்கும், மாசியையும் பங்குனியையும் பின்பனிக்கும் கொடுத்தது. காஷ்மீரிகளின் குளிர்காலப் பகுப்பு இதனோடு வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகிறது. டிசம்பர் 21இல், அதாவது மார்கழி முதல் வாரத்தில், தொடங்கும் 40 நாள் 'சில்லாய் கலான்' எனும் பெருங்குளிர் தை நடுவில் முடியும். அடுத்த 20 நாள் 'சில்லாய் குர்து'. கடைசிப் பத்து நாள் 'சில்லாய் பச்சா', குழந்தைக் குளிர். சில்லாய் கலானில் விழும் பனிதான் கெட்டிப்பட்டுக் கோடை வரை நிற்கும். பின்னால் விழுவது விழுந்த வேகத்திலேயே கரைந்துவிடும். ஆகவே, அந்த நாற்பது நாளில் பனி தப்பினால் பிறகு எவ்வளவு விழுந்தாலும் ஈடாகாது. சம்பாவுக்குப் பின் பெய்த மழையைப் பற்றிப் பாகூர் விவசாயி சொல்வதும் இதைத்தான்.

'ஸ்கீ' என்ற சொல் நார்வேயிலிருந்து வந்தது. பிளந்த மரத்துண்டு என்பது அதன் மூலப் பொருள். மரப் பலகைகள் பின்னர் உலோக விளிம்பும் பிளாஸ்டிக் அடியும் கொண்டவையாக மாறிவிட்டன. பெயர் மட்டும் மரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முற்கால வரலாறு

ஆட்டிடையர்கள் இந்தப் புல்வெளியைக் கௌரிமார்க் என்று அழைத்தனர்; கௌரி, சிவனின் தேவி. 16ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட சக் மரபின் சுல்தான் யூசுப் ஷா இதற்குக் குல்மார்க், பூக்களின் புல்வெளி, என்று பெயரிட்டார். காஷ்மீரி மொழியின் பெரும் பெண்பாற் புலவராகப் போற்றப்படும் ஹப்பா காத்தூன் இவருடைய துணைவி. பின்னர் முகலாயப் பேரரசர் ஜகாங்கீர் இங்கிருந்து 21 வகைக் காட்டுப்பூக்களைச் சேகரித்தார். இந்த அரசர்கள் எல்லாருக்கும் குல்மார்க் கோடைவாசத் தலமாகவே இருந்தது. பனிக்காலத்தில் இங்கே தங்கும் எண்ணம் யாருக்கும் இருக்கவில்லை. இடையர்கள்கூட மந்தையை ஓட்டிக்கொண்டு பள்ளத்தாக்கிற்கு இறங்கிவிடுவார்கள்.

பிரிட்டிஷாரும் முதலில் கோடைக்காகத்தான் வந்தனர். சமவெளி வெயிலுக்கு அஞ்சி வந்தவர்கள் மரவீடுகளும் கோல்ஃப் மைதானமும் அமைத்தனர். 1902இல் கட்டிய புனித மேரி தேவாலயம் புல்வெளி நடுவில் இன்றும் நிற்கிறது. மகாராணி மோகினி பாய் சிசோதியா 1915இல் கட்டிய சிவன் கோவில் ஒரு மேட்டில் செங்கூம்புக் கூரையோடு விளங்கியது. 2024 ஜூனில் தீயில் கருகியது.

குளிர்காலச் சறுக்கு இங்கே அமைப்பாக உருக்கொண்டது 1927இல். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் இருவர் முன்னின்று இந்தியப் பனிச்சறுக்குச் சங்கத்தை இங்கே நிறுவினர். ஆண்டுக்கு இருமுறை, கிறிஸ்துமஸிலும் ஈஸ்டரிலும், பெரிய போட்டிகள் நடந்தன. இழுவைக் கம்பியோ கம்பிவடப் பெட்டியோ இல்லாத காலம். பலகையைத் தோளில் சுமந்து காலையெல்லாம் ஏறி, மத்தியானம் ஒரே ஒரு தடவை இறங்குவதே ஒரு நாளின் சறுக்கு. சுமந்து ஏறியவர்களில் தங்மார்க் கிராமத்தவரே அதிகம். அவர்கள் பெயர் எந்தச் சங்க ஏட்டிலும் முன்வரிசையில் இல்லாதது இவ்வரலாற்றின் பெருங்குறை.

1947இல் பிரிட்டிஷார் போனதோடும் காஷ்மீரில் போர் வந்ததோடும் பழைய சங்கத்தின் காலம் முடிந்தது. 1948 டிசம்பரில் இந்திய ராணுவத்தின் 19ஆவது காலாட்படைப் பிரிவு இங்கே ஒரு சறுக்குப் பள்ளியைத் தொடங்கியது. பனிமலையில் எல்லை காக்கும் சிப்பாய்க்குச் சறுக்கத் தெரிவது பிழைப்புக்கான தேவை. அந்தப் பள்ளியே 1962இல் உயர்மலைப் போர்ப் பள்ளி ஆயிற்று. இந்தியச் சறுக்கு வீரர்களில் கணிசமானோர் ராணுவத்திலிருந்து வருவதற்கு இதுவே காரணம். 1960களில் ஆஸ்திரியச் சறுக்கு வீரர் ருடால்ஃப் மாட் இமயச் சரிவுகளைப் பார்வையிட்டுக் குல்மார்க்கே தகுந்த இடம் என்று தேர்ந்தார். 1968இல் மத்திய அரசின் குல்மார்க் குளிர்கால விளையாட்டுத் திட்டம் தொடங்கி, பின்னாளில் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனமாக வளர்ந்தது.

கம்பிவடம்

குல்மார்க்கை உலக வரைபடத்தில் ஏற்றியது 'கொண்டோலா' எனும் கம்பிவடப் பெட்டி வண்டி. இதை அமைத்தது பிரான்சின் பொமகால்ஸ்கி நிறுவனம். கிரெனோபிள் நகரையொட்டிய அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் பொமகால்ஸ்கி, 1930களில் ஆல்ப்ஸ் சரிவுகளில் இழுவைக் கம்பியை அமைத்தவர். பிரான்சில் உறவும் வேலையும் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு கிரெனோபிள் போன்ற ஆல்ப்ஸ் ஊர்ப்பெயர்கள் அந்நியமல்ல. பல கிராமங்கள் சேர்ந்த பஞ்சாயத்தைப் பிரெஞ்சுச் சொல்லால் கொம்யூன் என்று அழைக்கிற நமக்குக் காஷ்மீர் மலையிலும் பிரெஞ்சுக் கைவேலை இருப்பது தெரிந்துகொள்ளத் தக்கது.

1980களின் இறுதியில் தொடங்கிய வேலை, பள்ளத்தாக்கில் வெடித்த வன்முறையால் நின்றது. குல்மார்க்கிலிருந்து கொங்டோரி வரையிலான முதல் கட்டம் 1998இல்தான் ஓடத் தொடங்கியது. கொங்டோரி ஏறத்தாழ 3,050 மீட்டர். அங்கிருந்து அஃபர்வாட் சிகரத்தின் தோள் வரை, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்திற்கு, இரண்டாம் கட்டம் 2005இல் திறந்தது.

வெம்மையான குளிரில் சறுக்குதல்

இரண்டாம் கட்டத்தின் அருமை பனி குறைந்த ஆண்டில்தான் தெரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. புல்வெளிக்கும் அஃபர்வாட் தோளுக்கும் இடையே 1,300 மீட்டர். அதாவது எட்டு, ஒன்பது டிகிரி வேறுபாடு. கீழே 6 டிகிரியில் புல் தலைகாட்டும்போது மேலே பூச்சியத்திற்குக் கீழ் பனி நிற்கும். கைதேர்ந்தவர் மேலே போய்விடுவார். கற்றுக்கொள்ள வந்தவருக்கும், கீழ்ச்சரிவை நம்பிய பயிற்சியாளருக்கும், சறுக்குவண்டி இழுப்பவருக்கும் மேலே போக வழியில்லை. ஆகவே வெம்மையான ஆண்டின் சுமை முழுவதும் கீழ்ச்சரிவுக்காரர் தலையில் விழுகிறது.

அப்படியான நாளில் ஒரே சரிவு மூன்று வேளையில் மூன்று தரையாகிறது. முந்தைய பகலில் இளகிய பனி இரவில் உறைந்து, காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடித் தகடாக இருக்கும். பலகையின் உலோக விளிம்பு கிறீச்சிடும், பிடிக்காது. பதினொரு மணிக்கு மேற்பரப்பு மட்டும் இளகி, மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பைப் போல உதிரி உதிரியாகும். அந்த ஒரு மணி நேரம்தான் நல்ல சறுக்கு. இரண்டு மணிக்கு அது நீர் விட்ட மாவு. பலகையை உள்வாங்கி நிறுத்தும், உடல் மட்டும் முன்னே போகும். இந்த ஈரப்பனியில் திருப்பும்போது முழங்கால் தசைநார் அறுந்துவிடக்கூடும். பனி மெல்லிதாக உள்ள இடத்தில் கல் பட்டுப் பலகையின் அடிப்புறம் கீறும். அந்தக் கீறலில் உருக்கிய பிளாஸ்டிக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஆறியதும் சுரண்டி மட்டமாக்கி, ஈரப்பனிக்கென்று உள்ள மெழுகைச் சூடாகத் தேய்ப்பார்கள். வாடகைக்குப் பலகை தரும் கடைக்காரருக்குப் பனி குறைந்த ஆண்டில் வருமானம் பாதி, பழுதுவேலை இரட்டிப்பு.

வறண்ட குளிர்காலம் இன்னோர் ஆபத்தையும் ஒளித்துவைக்கிறது. தெளிந்த வானமுள்ள இரவுகள் தொடர்ந்தால், மெல்லிய பழைய பனி அடியில் சர்க்கரைத் துகள் போல ஒட்டாத மணிகளாக மாறும். பிறகு திடீரென்று கனத்த பனி விழும்போது அந்த மணிகளின் மேல் அது நிற்காது; பனிச்சரிவாக இறங்கும். தாமதமாக வந்த பனியைக் கொண்டாடி உடனே மேலேறுபவர் நினைவில் வைக்க வேண்டியது இது.

செயற்கைப் பனி இதற்கு முழு மருந்தல்ல. நீரைத் திவலையாக்கிக் காற்றில் தெளிக்கும் இயந்திரத்திற்கும், ஈரப்பதத்தைச் சேர்த்துக் கணக்கிடும் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி அளவுக்குக் கீழே இறங்க வேண்டும். உத்தராகண்டின் அவுலியில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக இயந்திரங்களும் செயற்கை ஏரியும் அமைந்தன. குளிரே இல்லாத நாளில் அவை எதற்கும் உதவாது. 2010இல் கனடாவின் சைப்ரஸ் மலையில் லாரியிலும் ஹெலிகாப்டரிலும் பனி சுமந்து ஒலிம்பிக் நடத்தினார்கள். அதற்கு முன்னமே, 1964இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் பனியில்லாமல் போனபோது அந்நாட்டு ராணுவம் மலையுச்சியிலிருந்து பனியை வெட்டி எடுத்துவந்து சறுக்குப்பாதையில் பரப்பியது. குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாகக் கலந்துகொண்டதும் அந்தப் போட்டியில்தான்; ஜெரமி புஜகோவ்ஸ்கி என்ற ஒரே வீரர், சிப்பாய்கள் சுமந்து கொட்டிய பனியில் நாட்டின் பெயரால் சறுக்கினார்.

2024, 2025 குளிர்காலங்கள்

காஷ்மீருக்குப் பனி கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் காற்றுச் சுழல். வானிலைத் துறையினர் 'மேற்கத்திய இடையூறு' என்பார்கள். பள்ளத்தாக்கிற்கோ அது இடையூறல்ல, வாழ்வு. 2023 டிசம்பரில் அது பலமாக வரவில்லை. அம்மாத மழைப்பொழிவு வழக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. 2024 ஜனவரி நடுப்பகுதி வரை குல்மார்க் பழுப்புப் புல்லாகக் கிடந்தது. ஜனவரி நடுவில் ஸ்ரீநகரின் பகல் வெப்பம் டெல்லியைவிட அதிகமாக இருந்த நாட்களும் உண்டு. எல் நினோ ஆண்டு என்பது உடனடிக் காரணம். அடியில் இருப்பது இமயம் வெம்மையாகிவரும் நெடுங்காலப் போக்கு.

அதே ஜனவரி 7, 8 தேதிகளில் புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் கடற்கரையில் பருவம் தப்பிய கனமழை கொட்டியது. பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில் வரும் மழை சம்பாக் கதிரைச் சாய்த்துவிடும். ஒரே மாதத்தில் வடக்கே வர வேண்டியது வரவில்லை, தெற்கே வரக் கூடாதது வந்தது.

பனி தப்பியதைச் சுற்றுலா நட்டமாக மட்டும் பார்ப்பது தவறு. மலைமேல் நிற்கும் பனிதான் ஜீலம் ஆற்றுக்கும் ஊற்றுகளுக்கும் நெல்வயலுக்கும் குங்குமப்பூக் கொல்லைக்கும் ஏரி. பாகூர் ஏரி நிரம்பாத ஆண்டு சுற்றியுள்ள ஊர்களுக்கு எப்படியோ, பனியில்லாத சில்லாய் கலான் காஷ்மீருக்கு அப்படி. 2025 பிப்ரவரியில் அனந்தநாக் மாவட்டத்தின் புகழ்பெற்ற அச்சபல் ஊற்று வறண்டபோது இதைக் கண்முன்னே பார்த்தோம்.

2024இல் ஜனவரிக் கடைசி வாரத்தில் பனி வந்து சேர்ந்தது. நாடு தழுவிய 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டு குல்மார்க்கில் பிப்ரவரி 21 முதல் 25 வரை நடந்தது; 22ஆம் தேதி கொங்டோரிக்கு மேலே பனிச்சரிவில் ரஷ்யச் சறுக்கு வீரர் ஒருவர் இறந்தார்.

அண்மைப் போட்டிகள்

தங்மார்க்கைச் சேர்ந்த ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் பங்கேற்று, மாபெரும் வளைவோட்டத்தில் 45ஆவது இடம் பெற்றார். குல்மார்க்கில் 2025 பிப்ரவரி 22இல் தொடங்கவிருந்த கேலோ இந்தியா போட்டிகள் பனியின்மையால் தள்ளிவைக்கப்பட்டு, மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன.