பின்னி மில் வாசலில் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

குன்றத்தூர் வட்டாரத்துப் பள்ளிகளில் சுற்றுலா என்றால் மாமல்லபுரம், வண்டலூர், கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம். கொஞ்சம் வசதியான பள்ளி என்றால் இப்போது 'இண்டஸ்ட்ரியல் விசிட்'டும் உண்டு. ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஓர் ஆலை. பிள்ளைகளை மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, இயந்திரக் கை வெல்டிங் வைப்பதைக் காட்டுவார்கள். ஒரு தொப்பி, ஒரு ஜூஸ் பாக்கெட், ஒரு குரூப் போட்டோ. அந்தப் பிள்ளைகளில் சிலரின் அப்பா காண்ட்ராக்ட் பஸ்ஸில் ஏறி இன்னொரு வாசல் வழியாக அதே மாதிரி ஆலைக்குள் தினமும் போகிறார். அந்தப் பேச்சு அங்கே எழாது.

நாங்கள் மாலை நேர வகுப்பு நடத்தும் காலனிப் பிள்ளைகளை ஒரு தொழிற்சாலைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று முடிவு செய்தபோது, ஓடுகிற ஆலை வேண்டாம், நின்றுபோன ஆலையைக் காட்டலாம் என்று தோன்றியது. பெரம்பூர், புளியந்தோப்பு பக்கம் இருந்த பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் மில். ஊர் வாயில் பி அண்ட் சி மில், அல்லது பின்னி மில். இராணுவத்துக்குக் காக்கித் துணி நெய்த ஆலை. 1996இல் மூடப்பட்டது. சினிமாக்காரர்கள் கொஞ்ச காலம் அதற்குள் சண்டைக் காட்சி எடுத்தார்கள். பிறகு அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன.

வேன் போய் நின்றதும் ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, மில்லு எங்க?" நாங்கள் கட்டடங்களைக் காட்டினோம். வாசலில் இருந்த செக்யூரிட்டி, "யாரைப் பாக்கணும்?" என்றார். யாரையும் பார்க்க வரவில்லை, பிள்ளைகளுக்கு இடத்தைக் காட்ட வந்தோம் என்றோம். "இங்க என்னா இருக்கு காட்ட?" என்று அவர் கேட்டதில் தப்பில்லை. இங்கே என்ன நடந்தது என்று சொல்லும் ஒரு பலகைகூட நாங்கள் நின்ற இடத்தில் கண்ணில் படவில்லை.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் என்று ஒரு பழைய மில் நகரம் உண்டு. 1978இல் அதைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகள் போனால் பழைய தறிகள் ஓடும் இரைச்சலைக் காது அடைக்கக் கேட்கலாம். அந்தத் தறிகளில் வேலை செய்த பெண்களின் கதையோடு, அங்கே நெய்யப்பட்ட பருத்தி தெற்கே அடிமைகள் பறித்தது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள். ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலை ஊர் 2001 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பின்னியில் எதையாவது மிச்சம் வைத்திருந்தால்கூட அங்கே எந்தக் கதையை எழுதி மாட்டியிருப்பார்கள் என்பது எங்களுக்குச் சந்தேகம்தான். அந்தச் சந்தேகம்தான் இந்தக் கட்டுரை.

பாடப்புத்தகம் சொல்லும் கதை நமக்குத் தெரியும். 1918 ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கப்பட்டது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர், அடித்தளம் போட்டவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும். இதெல்லாம் உண்மை, பெருமைக்குரியதும்கூட. மதியச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்பது அன்றைய முதல் முறையீடுகளில் ஒன்று. இதைச் சொன்னதும் எங்கள் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதே புலம்பல்தான் என்பதால் வந்த சிரிப்பு. 1920இல் கதவடைப்பின்போது கம்பெனி வாடியா மீதே உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, நஷ்டஈடு கேட்டு, தடையுத்தரவும் வாங்கியது. சங்கம் நடத்தினாலே வழக்கு வரும் என்ற அந்த நிலையை மாற்றக் கேட்டதில் பிறந்ததுதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி ஒரு மாதத்துக்கும் மேல் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்களே, அவர்கள் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யக் கேட்டது அந்தச் சட்டத்தின் கீழ்தான். பெரம்பூரில் நட்டது நம் ஊரில் காய்த்தது என்று சொல்லிவிட்டு வேனில் ஏறியிருந்தால் நல்ல சுற்றுலாவாக முடிந்திருக்கும்.

ஆனால் அந்த யூனியன் எங்கிருந்து முளைத்தது? ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்திச் சபையிலிருந்து. மில் தொழிலாளர்கள் வேலை முடிந்து அங்கே சொற்பொழிவு கேட்க வருவார்கள். அந்தப் பழக்கத்தில்தான் செல்வபதி செட்டியார் அவர்களுடைய கஷ்டங்களைத் தெரிந்துகொண்டார். நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: 1918இல் ஒரு வைணவ சபையின் சொற்பொழிவுக்கு வந்த ஆதிதிராவிடத் தொழிலாளி எங்கே உட்கார்ந்திருப்பார்? ஒன்றாக உட்காராத இடத்தில் பிறந்த சங்கத்தில் ஒற்றுமை எவ்வளவு ஆழம் போயிருக்கும்?

மூன்றே ஆண்டுகளில் அதற்குப் பதில் கிடைத்தது. 1920 இறுதியில் ஒரு நீண்ட கதவடைப்பு, டிசம்பரில் துப்பாக்கிச்சூடு, இரண்டு பேர் சாவு. அந்தக் கடனே அடையாத நிலையில் 1921 மே மாதம் கர்நாடிக் மில்லில் மறுபடி தகராறு. ஜூன் 20 அன்று பக்கிங்ஹாம் மில்லும் நின்றது. இந்த முறை ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. எம்.சி. ராஜா அவர்களுக்கு வேலைக்குப் போகச் சொல்லியே அறிவுரை தந்தார். ஜூன் இறுதியில் புளியந்தோப்புச் சேரிக் குடிசைகள் எரிந்தன. எதிர்த்தாக்குதலும் நடந்தது, சாதி இந்துக்களின் வீடுகளும் எரிந்தன. கலவரம் செப்டம்பர் வரை விட்டுவிட்டு நீண்டது. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் வேலைநிறுத்தக்காரர்கள் செத்தார்கள். வீடிழந்த ஆதிதிராவிடர்களுக்கு அரசு வியாசர்பாடியில் முகாம் போட்டது. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

இதைத்தான் பொதுவான தொழிற்சங்க வரலாறு 'கருங்காலித்தனம்' என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துபோகிறது. இன்னொரு பக்கம், வெள்ளைக்காரன் பிரித்தாளும் சூழ்ச்சி என்கிறது. சூழ்ச்சி இருந்தது, மறுக்கவில்லை. கம்பெனிக்கும் அரசுக்கும் அந்தப் பிளவு இனித்தது. போலீஸ் எந்தப் பக்கம் நின்றது என்பதும் தெரிந்ததே. ஆனால் இல்லாத பிளவை யாரும் பயன்படுத்த முடியாது. கூலிக்காக ஆரம்பித்த சண்டை ஏன் முதலாளியின் பங்களாவை விட்டுவிட்டுச் சேரிக் கூரையைத் தேடிப் போனது?

நீதிக்கட்சித் தலைவர்களான தியாகராயச் செட்டியும் ஓ. தணிகாசலம் செட்டியும், அரசு ஆதிதிராவிடருக்கு இடம் கொடுத்துக் கெடுத்ததே கலவரத்துக்குக் காரணம் என்று பேசினார்கள். இதையும் பிள்ளைகளிடம் சொன்னோம். சொல்லாமல் விட்டால் 1923இல் ராஜா ஏன் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார் என்பது புரியாது.

ராஜாவையும் திரு.வி.க.வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. இருவரும் 1883இல் பிறந்தவர்கள். திரு.வி.க. பிறந்த துள்ளம் இன்றைக்குத் தண்டலம் எனப்படுகிறது. போரூரிலிருந்து குன்றத்தூர் வரும் வழியில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலர் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகிறார்கள். ராஜா பிறந்தது பரங்கிமலையில். சைக்கிளில் போய்விடக் கூடிய தூரம். இருவரும் இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தார்கள், இருவரும் ஆசிரியர் வேலை பார்த்தார்கள். 1921இல் ஒருவர் வேலைநிறுத்த மேடையில், மற்றவர் எரிந்த குடிசைகளின் பக்கம். ராஜா 1932இல் மூஞ்சேயுடன் போட்ட ஒப்பந்தத்துக்காக அம்பேத்கரியர்களாகிய நம்மில் பலர் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. அது தனிக் கட்டுரைக்கு உரியது. 1921இல் அவர் பார்த்தது பட்டினியை. வேலைநிறுத்தம் நீண்டால் வேறு கூலி வேலைக்கோ, சொந்த ஊரின் துண்டு நிலத்துக்கோ, உறவினர் கடைக்கோ போகக்கூடியவர் ஒருவர். ஊருக்குத் திரும்பினால் பண்ணையாள் வேலை மட்டுமே காத்திருக்கும் செங்கல்பட்டுச் சேரி மனிதர் இன்னொருவர். இருவருக்கும் ஒரு மாதக் கூலி இழப்பு ஒரே எடை அல்ல. இது எங்கள் வாசிப்பு, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பம்பாயில் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. அங்கே நல்ல கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு வேலை இல்லை. ஓடத்தில் நூல் மாற்றும்போது வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். எச்சில் பட்டுவிடும் என்று சக தொழிலாளர்களே தடுத்தார்கள். 1928இன் பெரிய வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்குவதும் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்று அம்பேத்கர் பிடிவாதம் பிடித்தார். பத்தாண்டு கழித்து, 1938 நவம்பர் 7 அன்று, அதே அம்பேத்கர் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து பம்பாயில் ஒருநாள் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நம் கூட்டங்களில் சிலர் முதலாவதை மட்டும் சொல்கிறார்கள், இடதுசாரித் தோழர்கள் இரண்டாவதை மட்டும்.

இதில் கிளைக்கதை ஒன்றும் உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில் ஆதிதிராவிடர் நலனைக் கவனித்த துறைக்குப் பெயரே லேபர் டிபார்ட்மெண்ட். ஆலைத் தகராறும் சேரிப் பள்ளிக்கூடமும் ஒரே அதிகாரியின் மேசைக்குப் போயின. அந்தத் துறை சேரிகளில் நடத்திய பள்ளிகள் 'லேபர் ஸ்கூல்'. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த வழியில் வந்தவை. எங்கள் காலனியில் ஒரு தாத்தா இன்னமும் "நான் லேபர் ஸ்கூல்ல அஞ்சாவது" என்றுதான் சொல்வார். ஒரு சாதியின் பிள்ளை எழுத்துக் கற்கும் முன்பே பள்ளியின் பெயர்ப் பலகையில் அவனுடைய தொழில் எழுதியிருந்தது.

மறுபடி வேனுக்கு வருகிறோம். இவ்வளவையும் நாங்கள் ஒரே மூச்சில் சொல்லவில்லை. புளியந்தோப்பு டீக்கடை ஒன்றின் முன் நின்று, பஜ்ஜி தின்றபடி, துண்டு துண்டாகச் சொன்னோம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நம்ம ஆளுங்க வேலைக்குப் போனது தப்பா, ரைட்டா?" எங்களுடன் வந்த இரண்டு பேருக்கும் அந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. பிள்ளைகள் முன்னாலேயே வாதம் செய்துகொண்டோம். நடுவில் பின்னால் நின்ற பையன் ஒருவன் சொன்னான்: "எங்கப்பா கம்பெனில பெர்மனண்ட் ஆளுங்க ஸ்டிரைக் பண்ணாங்க. எங்கப்பா காண்ட்ராக்ட். போனாரு. போகலன்னா மறுநாளு வேற ஆளு வந்துடும்னாரு. அந்த ஆளுங்க எங்கப்பாவ இன்னும் பேர் சொல்லிக் கூப்புட மாட்டாங்க."

எதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

இந்த வட்டாரத்தில் சங்கம் கட்டும் தோழர்களிடம் இதை வைத்து ஒரு கேள்வி கேட்கிறோம். உங்கள் கோரிக்கைப் பட்டியலில் காண்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது? அவருக்குச் சங்கத்தில் ஓட்டு உண்டா? வேலைநிறுத்த நிதி வந்தால் அவர் வீட்டுக்கும் அரிசி போகுமா? 1921இல் இதை யாரும் முன்கூட்டியே கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேலைநிறுத்தம் ஜெயித்திருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டோம்.

பிள்ளைகளிடம் சுற்றுலா பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னோம். பாதிப் பேர் பஜ்ஜியைப் பற்றி எழுதினார்கள். வியாசர்பாடி என்ற பெயரைக் கேட்டதும் 'சார்பட்டா' படம்தான் ஞாபகம் வந்தது என்று ஒருவன். கேள்வி கேட்ட பெண் மட்டும் ஒரு வரைபடம் போட்டிருந்தாள்: தண்டலம், பரங்கிமலை, இராயப்பேட்டை, புளியந்தோப்பு, சுங்குவார்சத்திரம். ஐந்து புள்ளிகளையும் கோடு இழுத்து இணைத்திருந்தாள். சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் அவள் காலனியையும் ஒரு சின்னப் புள்ளியாக வைத்திருந்தாள், கோடு போடாமல்.

வரும் ஜூனில் பள்ளி திறந்த பிறகு மறுபடியும் போகிறோம். இந்த முறை அவள் வரைந்த வரிசையிலேயே, தண்டலத்தில் ஆரம்பித்து. சுங்குவார்சத்திரத்துக்குப் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அது ஷிப்ட் மாறும் நேரம், பஸ்கள் வரிசையாக வெளியே வரும். வேனில் பன்னிரண்டு இடம் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் யாராவது வருவதானால் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள்.