அல்பேனியப் பள்ளிகளும் சமத்துவத்தின் பொருளும்

ஜனநாயகத்தில் பெரும்பான்மையோரின் விருப்பமே சட்டமாகும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறாயின், எண்ணிக்கையில் குறைந்தோரின் மொழிக்கும் மார்க்கத்திற்கும் கல்விக்கும் என்ன பாதுகாப்பு? இவ்வினாவிற்கு 1935-ஆம் ஆண்டிலேயே சர்வதேச நீதிமன்றம் ஒன்று விடை பகர்ந்துள்ளது. ஜமாஅத்தார்கள், குறிப்பாக இளைஞர்கள், அவ்வரலாற்றை அறிந்திருத்தல் அவசியம்.

முதல் உலகப் போருக்குப் பின், 1920-இல் அல்பேனியா சர்வதேச சங்கத்தில் சேர்ந்தது. அந்நாட்டு மக்களுள் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். தென்பகுதியில் கிரேக்க மொழி பேசும் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினராக வாழ்ந்தனர். சிறுபான்மையினர் தம் சொந்தச் செலவில் பள்ளிகளையும் சமய, அறநிலையங்களையும் நிறுவி நடத்தலாம் என்று 1921 அக்டோபர் 2 அன்று அல்பேனிய அரசு ஜெனீவாவில் உறுதிமொழி அளித்தது.

ஆயினும் 1933-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, தனியார் பள்ளிகள் அனைத்தையும் மூட அவ்வரசு ஆணையிட்டது. கிரேக்கர்கள் முறையிட்டனர். பெரும்பான்மையினரின் தனியார் பள்ளிகளும் மூடப்படுவதால் இதில் பாரபட்சம் ஏதுமில்லை என்று அரசு வாதிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத் தோன்றும் வாதமே இது!

ஹேக் நகரிலிருந்த நிரந்தர சர்வதேச நீதிமன்றம் 1935 ஏப்ரல் 6 அன்று, எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. தனியார் பள்ளி மூடப்பட்டாலும் பெரும்பான்மையினரின் தேவையை அரசுப் பள்ளிகள் நிறைவு செய்யும். சிறுபான்மையினருக்கோ தம் மொழியையும் மரபையும் காக்கும் நிலையமே இல்லாமற் போகும். ஆகவே ஏட்டளவில் சமத்துவம் போதாது, நடைமுறையிலும் சமத்துவம் வேண்டும் என்பதே அந்நீதிமன்றம் கண்ட முடிவு.

இந்நெறி அத்துடன் மறைந்துவிடவில்லை. 1966-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு சிறுபான்மையினரின் பண்பாட்டையும் சமயத்தையும் மொழியையும் காக்கின்றது. நம் அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவு, கல்வி நிலையங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையைச் சிறுபான்மையினருக்கு வழங்குகின்றது. ஆமதாபாத் புனித சவேரியார் கல்லூரி வழக்கில், 1974-இல் நம் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை ஆராய்ந்தபோது அல்பேனியத் தீர்ப்பும் எடுத்துக்காட்டப்பட்டது.

சிந்தித்துப் பாருங்கள்! முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் கேட்ட நீதி, இன்று நம் கல்விக்கூடங்களுக்கும் அரணாக நிற்கின்றது. நாம் சிறுபான்மையாக உள்ள இடத்தில் கோரும் உரிமையை, நம்மவர் பெரும்பான்மையாக உள்ள இடத்தில் பிறருக்கு மறுக்கலாகாது. ஆளுக்கொரு தராசு வைத்திருப்பவனின் நிறுவையை எவரும் நம்பமாட்டார்.