மரக்காலும் மணிக்கணக்கும்: விமானிகள் ஒப்பந்த வரலாறு

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் இத்தனை கலம் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது, அது இராசகேசரி மரக்காலுக்குச் சமம் என்று அளவையின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். தானிய வியாபாரம் பார்த்தவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. விலையில் வருகிற சண்டை கம்மிதான்; அளவில் வருகிற சண்டைதான் கோர்ட்டு வரை போகும்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும் முன்னால் நம்ம அத்திபெலே செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஓடின தூரத்துக்கு வாடகை உண்டு. நின்ற நேரத்துக்கு ஹால்டிங் யார் தருவது? இதை முதல் நாளே பேசிக்கொள்ளாதவர்கள் பிறகு கடை வாசலில் நின்று கத்துவார்கள். விமானிகள் சங்கங்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, ஆகாயத்திலும் இதே வழக்குதான் என்று தெரிந்தது. நம் பிள்ளைகள் சிலர் அந்தத் தொழிலுக்குப் போக ஆசைப்படுகிறார்கள். அவர்கள் வீட்டார் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விமானியின் ‘மணி’ என்பது, சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டையை எடுத்து விமானம் நகர்ந்த நிமிஷம் தொடங்கி, போய்ச் சேர்ந்து நிற்கும் நிமிஷம் வரை. மூடுபனிக்காக நிலையத்தில் காத்திருந்த பொழுது அதில் சேராது.

அமெரிக்காவில் 1931-இல் டேவிட் பென்கே என்பவர் முன்னின்று விமானிகள் சங்கம் கண்டார். அப்போது பறந்த மைலுக்கும் கூலி உண்டு. போயிங் 247 போன்ற வேகமான விமானங்கள் வந்ததும், 1933-இல் பெரிய கம்பெனிகள் மைல் வேண்டாம், மணிக்குத் தருகிறோம் என்றன. சூட்சுமம் புரிகிறதா? ஒரு மணியில் பறக்கும் மைல் கூடும், கூலி கூடாது. வேலைநிறுத்தம் வரும்போல் ஆகி, 1934 மே மாதம் தேசியத் தொழிலாளர் வாரியம் தன் 83-ஆம் தீர்ப்பைச் சொன்னது: அடிப்படைச் சம்பளம், மணி, மைல் மூன்றும் சேர வேண்டும், மாதத்துக்கு 85 மணிக்குமேல் பறக்கக் கூடாது. களைத்த கையில் விமானத்தைக் கொடுக்காதே என்பதும் அதில் அடக்கம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1953-இல் விமானக் கம்பெனிகள் தேசியமயமாகி, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா என்று ஆயின. முன்னதில் ஐ.சி.பி.ஏ., பின்னதில் பைலட்ஸ் கில்டு என்று தனித்தனிச் சங்கம், தனித்தனி ஒப்பந்தம். பேச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1992-93 வேலைநிறுத்தம் சாட்சி. உஸ்பெகிஸ்தானிலிருந்து விமானத்தையும் ஓட்டுநரையும் சேர்த்தே வாடகைக்கு எடுத்தார்கள். 1993 ஜனவரி 9 அன்று அதில் ஒன்று டில்லியில் இறங்கும்போது நொறுங்கியது. உள்ளே இருந்த 165 பேரும் பிழைத்தது பெரும் புண்ணியம்!

2007-இல் இரண்டு நிறுவனங்களையும் இணைத்தார்கள். கடை ஒன்று, மரக்கால் இரண்டு. எங்களுக்கும் ஏர் இந்தியா விமானிகளைப் போலவே கொடு என்று 2011 ஏப்ரல் 27 முதல் ஐ.சி.பி.ஏ. பத்து நாள் வேலையை நிறுத்தியது. சங்கத்தின் அங்கீகாரம் போயிற்று, சிலர் வேலை போயிற்று; மே 6 இரவு உடன்பாட்டில் இரண்டும் திரும்பின. மறுவருஷம் எதிர்ப்பக்கம் கிளம்பியது. புது 787 விமானப் பயிற்சியை அவர்களுக்கும் தருவதா என்று கில்டு விமானிகள் 58 நாள் நின்றார்கள். 101 பேர் நீக்கப்பட்டார்கள். என் அபிப்பிராயத்தில் இந்த இரண்டு சண்டைக்கும் வித்து விமானிகள் இட்டதல்ல. அளவையை ஒன்றாக்காமல் பெயர்ப்பலகையை மட்டும் ஒன்றாக்கியவர்கள் இட்டது.

2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டா கைக்குத் திரும்பியது. 2023 ஏப்ரலில் புது ஒப்பந்தம் வந்தது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் உறுதியாகக் கணக்கிடும் மணி கொரோனாவுக்கு முன் 70. கொரோனாவில் 20 ஆயிற்று. புது ஒப்பந்தத்தில் 40. கம்பெனி 20-லிருந்து ஏற்றினோம் என்றது, சங்கங்கள் 70-லிருந்து இறக்கினாய் என்றன. முன்பு முட்டிக்கொண்ட ஐ.சி.பி.ஏ.வும் கில்டும் இதில் ஒரே பக்கம் நின்றன. 1500-க்கும் மேற்பட்ட விமானிகள் ரத்தன் டாட்டாவுக்கே மனு எழுதினார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு சரத்தும் இருந்தது. கமாண்டராக நாலு வருஷம் ஆனவருக்கு ‘சீனியர் கமாண்டர்’ பட்டம். பட்டத்தோடு நிர்வாகத் தரப்பில் இடம். அன்று நடப்பில் இருந்த 1947-ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தில் நிர்வாகத்தார் ‘தொழிலாளி’ கணக்கில் வரமாட்டார். சங்கத்திலிருந்து எங்களை வெளியே எடுக்கத்தான் இந்தப் பதவி உயர்வு என்று சங்கத்தார் ஆட்சேபித்தார்கள்.