பேசின் பிரிட்ஜ்: கால்வாய்த்துறை

வட சென்னையில் வால்டாக்ஸ் சாலையின் வடமுனையை அடுத்து, பக்கிங்காம் கால்வாய்மீது அமைந்த பாலமும் சுற்றுப்பகுதியும் பேசின் பிரிட்ஜ் எனப்படும். ரயில் நிலையமும் பணிமனையும் கண்ணில் முதலில் படுவதால், ரயில்வே உண்டாக்கிய இடம் இது என்ற எண்ணம் பரவியுள்ளது. பெயரே அதற்கு இடம் தரவில்லை. படகுகள் ஒதுங்கிச் சரக்கிறக்கும் நீர்த்துறையே 'பேசின்'. கால்வாயை எண்ணூர் வரை ஏறத்தாழ 11 மைல் வெட்டியவர் பேசில் காக்ரேன் என்பதால், 'பேசில்'தான் 'பேசின்' ஆயிற்றோ என்று எண்ணவும் தோன்றும். ஒலி ஒற்றுமைக்கு மேல் அதற்கு ஆதரவு போதாது. கால்வாயின் தொடக்கத்தை 1801 என்றும் 1806 என்றும் கூறுவர். வேலை தொடங்கியதும் முடிந்ததும் தனித்தனியே கணக்கிடப்பட்டிருக்கலாம். எதைக் கொண்டாலும், ராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்ட 1856க்கு அது அரை நூற்றாண்டு மூத்தது. 1837இல் கால்வாய் அரசின் கைக்கு வந்தது.

பெயரை மட்டும் நம்பி வரலாறு எழுதலாமா என்று கேட்கலாம். அருகிலுள்ள ரயில்வே சரக்கு முனையம் இதற்கு விடை சொல்கிறது: அதன் பெயர் சால்ட் கோட்டார்ஸ். கிடங்கைக் குறிக்கும் 'கொட்டாரம்' என்ற தமிழ்ச் சொல்லே அதில் உருமாறிக் கிடக்கிறது என்பர். ரயில் வந்த பிறகும் உப்பின் பெயர் அழியவில்லை. ரயில் வந்ததுமே கால்வாய் செத்தது என்பதும் பொருந்தாது. 1877–78 தாது வருடப் பஞ்சத்தின்போது, பசித்து வந்தவர்களுக்குக் கூலி கொடுத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தனர். ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயர் கால்வாய்க்கு அப்போது வந்ததே. ரயில் வந்தும் கால்வாய் நிலைத்ததற்குக் காரணம் சரக்கின் தன்மையில் இருக்கிறது. ஸ்ரீஹரிக்கோட்டாப் பக்கத்து விறகு, எண்ணூர் வட்டார உப்பு, சுண்ணாம்பு சுடும் கிளிஞ்சல் எல்லாம் எடை மிகுந்தவை, விலை குறைந்தவை, நாலு நாள் தாமதித்தாலும் கெடாதவை. காற்றிருந்தால் பாய், இல்லையேல் மூங்கில் கழி, அதுவும் போதாவிட்டால் கரையில் நடந்து கயிறு இழுக்கும் ஆட்கள்: கரியும் நீராவியும் கேட்காத இந்த நடைக்கு ரயில் கட்டணம் ஈடாகாது. பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' மாமல்லபுரத்துக்கு மேற்கொண்ட படகுப் பயணத்தைப் பாடுவது. அது தென்கால்வாய், வடகால்வாய்க்குக் கிடைத்த புகழ் விறகுத் தொட்டிகளின் புகழே.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசின் பிரிட்ஜில் அனல் மின்நிலையம் வந்தது. ஓட்டேரி நல்லா என்ற ஓடை இவ்விடத்தில் கால்வாயில் கலக்கிறது. நகரம் பெருகப் பெருக அதன் வழியே சாக்கடையும் பெருகியது. லாரிப் போக்குவரத்து, தூர், 1960களிலும் 1976இலும் அடித்த புயல்கள் எனப் பல காரணங்கள் சேர்ந்தே படகை நிறுத்தின. ஒன்றை மட்டும் சுட்டுவது கடினம். 1996இல் 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 2008இல் கால்வாய் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது.