புல்தரையும் பூச்சியும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். பூச்சிகளைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழிப்பேன். ஒரு புறத்தில் 'நன்மை செய்யும் பூச்சிகள்' என்றும், மறு புறத்தில் 'தீமை செய்யும் பூச்சிகள்' என்றும் எழுதுவேன். தேனீயும் பட்டுப்பூச்சியும் ஒரு பக்கம். வெட்டுக்கிளியும் கரையானும் மறு பக்கம். ஒரு நாள் பின் வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வண்ணத்துப்பூச்சி எந்தப் பக்கம்? புழுவாக இருக்கும்போது எலுமிச்சை இலையைத் தின்கிறதே!" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அன்று நான் சொல்லாத விடையை, ஒரு வரலாற்றின் வாயிலாக இன்று சொல்ல முயல்கிறேன்.

அவ்வரலாறு நிகழ்ந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். அதன் களம் வீட்டின் முன்னே விரிந்து கிடக்கும் புல்தரை.

புல்தரை என்பது இயற்கை தந்த நிலமன்று. மனிதன் செய்த நிலம். முன்னாளில் இங்கிலாந்தின் பெருஞ்செல்வர் மாளிகைகளில்தான் அது உண்டு. அரிவாள் கொண்டு புல்லைச் சமமாக வெட்டுவதற்குப் பல ஆட்கள் வேண்டியிருந்தனர். 1830-இல் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர் புல்வெட்டும் பொறியை அமைத்தார். அதன்பின் நடுத்தரக் குடும்பத்தினரும் புல்தரை வைத்துக்கொள்ள இயன்றது. அமெரிக்காவில் இவ்வழக்கம் காட்டுத் தீயெனப் பரவிற்று. 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்நாட்டுப் புல்தரைகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,60,000 சதுர கிலோமீட்டர் என்று மதிப்பிட்டது. நம் தமிழ்நாட்டின் பரப்பை விட அது பெரிது!

இப்புல்தரைக்கு 1916-ஆம் ஆண்டில் அழையாத விருந்தாளி ஒன்று வந்து சேர்ந்தது. நியூ ஜெர்ஸி மாநிலத்தில் ரிவர்ட்டன் என்னும் ஊரருகே இருந்த நாற்றுப்பண்ணை ஒன்றில் சில வண்டுகள் காணப்பட்டன. ஒரு சென்டிமீட்டர் நீளம். பச்சைப் பளபளப்புள்ள தலை. செம்பு நிறச் சிறகுறை. அது ஜப்பானில் வாழும் வண்டு என்று அறிஞர் கண்டனர். வெளிநாட்டுச் செடிகளைச் சோதித்தே உள்ளே விடவேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1912-இல் இயற்றப்பட்டது. அதற்கு முன்பே, ஐரிஸ் என்னும் பூச்செடியின் கிழங்கோடு ஒட்டிய மண்ணில் இதன் புழுக்கள் வந்திருக்க வேண்டும் என்று கருதுகின்றனர்.

ஜப்பானில் இவ்வண்டு பெருந்தொல்லை தந்ததில்லை. அமெரிக்காவிலோ ரோஜா, திராட்சை முதலாக முந்நூறுக்கும் மேற்பட்ட செடிவகைகளின் இலைகளை நரம்பு மட்டும் எஞ்சுமாறு அரித்துத் தின்றது. பூச்சி ஒன்றே, குணமும் ஒன்றே. பின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

அதன் வாழ்க்கையை நோக்கினால் காரணம் விளங்கும். கோடையில் தாய் வண்டு புல் வளர்ந்த ஈர மண்ணில் முட்டையிடுகிறது. சுமார் இரண்டு வாரத்தில் வெண்ணிறப் புழு வெளிப்பட்டுப் புல்லின் வேரைத் தின்கிறது. குளிர்காலத்தில் மண்ணின் ஆழத்திற்கு இறங்கிவிடுகிறது. வசந்தத்தில் மேலேறி மீண்டும் தின்று, கூட்டுப்புழுவாகிப் பின் வண்டாக வெளிவருகிறது. ஆகவே இதற்கு வேண்டிய தொட்டில், நீர் பாய்ச்சிய பரந்த புல்நிலம். ஜப்பானில் அத்தகைய நிலம் குறைவு; வண்டின் இயற்கைப் பகைகளோ மிகுதி. அமெரிக்காவில் ஒவ்வொரு வீட்டின் முன்னும் தொட்டில் கட்டித் தொங்கியது, பகையோ இல்லை. வண்டைக் கொண்டுவந்தவனும் மனிதன். அதற்குத் தொட்டில் அமைத்தவனும் மனிதன்.

இதனை அடக்க இரு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று பொறுமையின் வழி. மற்றொன்று அவசரத்தின் வழி.

பொறுமையின் வழியில் சென்றவர்கள், 'இவ்வண்டை அதன் தாயகத்தில் அடக்கி வைத்திருப்பது எது?' என்று முதலில் கேட்டனர். 1920-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்கள் ஜப்பான், கொரியா முதலிய நாடுகளில் தேடி, பலவகை ஒட்டுண்ணிப் பூச்சிகளைக் கொண்டுவந்தனர். அவற்றுள் சிலவே அமெரிக்க மண்ணில் நிலைத்தன. அவற்றில் சிறந்தது டிபியா என்னும் குளவி இனம். பெண் குளவி மண்ணைத் துளைத்துச் சென்று வேர்ப்புழுவைக் கொட்டி மயக்கி, அதன் உடல்மேல் ஒரு முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சுக்கு அவ்வேர்ப்புழுவே உணவு. 1933-இல் நியூ ஜெர்ஸி மண்ணிலேயே இன்னொரு துணை கிடைத்தது. சில வேர்ப்புழுக்கள் பால்போல் வெளுத்துச் செத்துக் கிடந்தன. ஒருவகை நுண்கிருமியே அதற்குக் காரணம் என்பது தெரிந்தது. இப்பால் நோயின் நுண்வித்துகளை 1939 முதல் 1953 வரை பதினான்கு கிழக்கு மாநிலங்களிலும் தலைநகரிலும் அரசினர் தூவினர். பிற்காலச் சோதனைகளில் இதன் பலன் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை என்று தெரிந்தது. ஆயினும் பறவையையோ தேனீயையோ அது தீண்டியதில்லை.

அவசரத்தின் வழி வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி., டீல்ட்ரின் போன்ற கடும் நஞ்சுகள் மலிவாகக் கிடைத்தன. 1954-இல் இல்லினாய் மாநிலத்தில் ஷெல்டன் என்ற ஊரருகே சுமார் 1,400 ஏக்கர் நிலத்தின்மேல் விமானத்திலிருந்து டீல்ட்ரினைத் தூவினர். நிகழ்ந்தது என்ன? நஞ்சுண்ட புழுக்கள் மண்ணின்மேல் வந்து துடித்தன. அவற்றைத் தின்ற பறவைகள் கூட்டங் கூட்டமாக மாண்டன. பண்ணை வீடுகளின் பூனைகளும் தப்பவில்லை. முதற் பருவத்திலேயே பெரும்பாலான பூனைகள் மறைந்தன. வண்டோ மறையவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் மருந்து தெளிக்க வேண்டியதாயிற்று. இன்றும் அவ்வண்டு அம்மாநிலத்தில் வாழ்கிறது.

இச்செய்திகளையெல்லாம் திரட்டி, ரேச்சல் கார்ஸன் என்ற அம்மையார் 1962-இல் 'மௌன வசந்தம்' என்னும் பொருள்படும் நூலை எழுதினார். மருந்து உற்பத்தியாளர்கள் அவரை வன்மையாகத் தாக்கினர். ஆனால் ஜனாதிபதி கென்னடி அமைத்திருந்த அறிவியல் ஆலோசனைக் குழு, 1963-இல் அளித்த அறிக்கையில் அவர் எழுப்பிய கவலைகளை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் 1972-இல் டி.டி.டி.யின் பயன்பாடும், 1974-இல் டீல்ட்ரினின் பெரும்பாலான பயன்பாடுகளும் நிறுத்தப்பட்டன.

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. புல்தரையில் புல் மட்டுமா உண்டு? முன்பெல்லாம் அமெரிக்கர் புல்விதையோடு குளோவர் என்னும் மூவிலைச் செடியின் விதையையும் கலந்தே விதைத்தனர். அது காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கும். அதன் வெண்பூக்களில் தேனீக்கள் மொய்க்கும். போருக்குப் பின் வந்த களைக்கொல்லி மருந்து, புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைக் கொன்றது. அத்துடன் குளோவரும் அழிந்தது. அழியவே, நேற்றுவரை விதைத்த செடியை இன்று களை என்று அழைக்கத் தொடங்கினர். பூவற்ற புல்தரையே அழகு என்ற எண்ணம் வேரூன்றியது. தேனீக்கு அது பச்சை நிறப் பாலைவனம்.

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேர்ப்புழுவைக் கொல்லும் டிபியா குளவிகள், வளர்ந்தபின் பூந்தேனையும் அதுபோன்ற இனிப்பு நீரையும் உண்டு வாழ்பவை. அவற்றுள் ஓர் இனம் காட்டு கேரட்டின் பூக்களை நாடி வரும். பூவை ஒழித்தவன் தேனீயை மட்டும் பட்டினி போடவில்லை. தன் காவலாளியையும் பட்டினி போட்டுவிட்டான்.

2013-இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குளோவர் பூத்த புல்தரையில் வேர்ப்புழு மருந்தாகிய குளோதியானிடினைத் தெளித்து, பம்பிள் தேனீ எனப்படும் மயிரடர்ந்த பெருந்தேனீக்களை அங்கே மேய விட்டனர். அக்கூடுகளின் வளர்ச்சி தடைப்பட்டது. புதிய ராணித் தேனீ ஒன்றும் தோன்றவில்லை. ராணி இல்லையேல் மறு ஆண்டு கூடு இல்லை. ஆனால் மருந்து பட்ட பூக்களை வெட்டி நீக்கி, புதிதாகப் பூத்த பூக்களில் மேயவிட்டபோது அத்தீங்கு காணப்படவில்லை. எப்போது பூக்கிறது, எது வந்து அமர்கிறது என்று அறிந்து செய்யும் செயலுக்கும், அறியாது செய்யும் செயலுக்கும் உள்ள தூரம் இவ்வளவு.

அந்நாட்டில் ஒரு காலத்தில் எங்கும் பறந்த பம்பிள் தேனீ இனம் ஒன்று, 2017-இல் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. முதுகில் துரு நிறத் திட்டு உடையது அது. 2019-இல் மின்னசோட்டா மாநிலம் அதனைத் தன் மாநிலத் தேனீ என்று அறிவித்தது; வீட்டுப் புல்தரையில் தேனீக்கேற்ற பூச்செடிகளை வளர்ப்போருக்கு உதவித்தொகை தரவும் அதே ஆண்டில் முன்வந்தது. பொறியும் மருந்தும் கொண்டு பூவை அகற்றிய மனிதன், இப்போது பணம் கொடுத்துப் பூவை அழைக்கிறான்.

மாணவர்களே! அன்று என் வகுப்பில் எழுந்த கேள்விக்கு இதுவே விடை. எப்பூச்சியும் பிறவியிலேயே நமக்குப் பகையன்று. பிறவியிலேயே நட்பும் அன்று. அது வாழும் இடமும், அதன் பருவமும், அதன் எண்ணிக்கையும், அதனைச் சூழ்ந்த பிற உயிர்களுமே அவ்வாறு ஆக்குகின்றன. நான் கரும்பலகையில் கிழித்த கோடு மண்ணில் இல்லை. ஒரே புல்தரையின் கீழே புழுவும், மேலே தேனீயும் வாழ்கின்றன. கீழே செல்லும் நஞ்சு மேலேயும் வரும்.

உங்கள் பள்ளித் தோட்டத்தில் இலை கடித்த அடையாளம் கண்டால், உடனே மருந்துப் புட்டியைத் தேடாதீர்கள். இது எதைத் தின்கிறது? எங்கே முட்டையிடுகிறது? இதனைத் தின்பது எது? இம்மூன்று கேள்விகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, சில நாட்கள் பொறுமையுடன் பாருங்கள். உங்களுள் எவரேனும் எழுந்து ஆசிரியரால் விடை கூற இயலாத கேள்வி ஒன்றைக் கேட்டால், அவ்வாசிரியர் என்னைப் போல் சிரித்து மழுப்பாமல், உங்களோடு தோட்டத்திற்கு வரட்டும்.