மலைநாட்டின் சொந்த விளக்கு

ஆடி மாதத்து இரவுகளில், மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் தமிழன்பர் பலருக்கு ஓர் அனுபவம் வாய்த்திருக்கும். ஊரிலிருந்து தாயாரோ தமையனோ தொலைபேசியில் பேசுகிறார். "காற்று பலமாக இருக்கிறது, கரண்ட் போய் இரண்டு நாளாகிறது" என்கிறார். மறுநாள் நாம் அழைத்தால் மறுமுனையில் மணியே அடிப்பதில்லை. கல்பாத்தியிலும் சித்தூரிலும் வீடுடையவர்களும் சரி, மூணாறு, தேவிகுளம், பீருமேட்டுத் தோட்டங்களில் பெற்றோரை விட்டு வந்தவர்களும் சரி, இந்த மௌனத்தை நன்கு அறிவார்கள். கம்பி அறுந்தால் விளக்கு மட்டும் அணைவதில்லை, குரலும் அணைகிறது.

ஆகவே, புயற்காலத்துக்கென வீட்டில் ஒரு ஜெனரேட்டர் வாங்கி வைக்கலாமா என்னும் பேச்சு இன்று குடும்பந்தோறும் எழுகின்றது. சொந்தமாக மின்சாரம் வைத்துக்கொள்ளுதல் புதுமையான செயல் என்று கருதுவோரும் உளர். ஆயின் இம்மலைகளின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போமானால், மின்சாரம் இங்கு முதன்முதலில் வந்ததே சொந்த மின்சாரமாகத்தான் என்பது புலப்படும். அது யாருடைய சொந்தம் என்பதில்தான் கதை இருக்கிறது.

1877-ஆம் ஆண்டில் மன்றோ என்னும் ஆங்கிலேயர், கண்ணன் தேவன் மலைப் பகுதியைப் பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து குத்தகைக்குப் பெற்றார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றியது. சிங்கோனாவும் காப்பியும் பயிரிட்டுப் பார்த்த பின்னர் தேயிலை நிலைபெற்றது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தமிழர் போடிநாயக்கனூர் வழியாக மலையேறினர். தேயிலைக்கோ ஒரு பிடிவாதம் உண்டு. பறித்த கொழுந்தை உரிய நேரத்தில் வாடவைத்து, உருளையில் நசுக்கி, புளிக்கவிட்டு, உலர்த்தியாக வேண்டும். நடுவில் யந்திரம் நின்றால் அன்றைய கொழுந்து முழுவதும் பாழ். இக்காரணத்தால் தொழிற்சாலைக்கு இடையறாத விசை தேவைப்பட்டது. நீர்வீழ்ச்சிகளுக்கோ அங்கே பஞ்சமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே, திருவிதாங்கூர் அரசு நீர்மின்சாரத்தில் கைவைப்பதற்கு வெகு காலம் முன்பே, பள்ளிவாசலில் கம்பெனி தன் தேவைக்கென ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்துக்கொண்டது. இன்றைய கேரளத்தின் நீர்மின்சார வரலாறு அச்சிறு நிலையத்திலிருந்து தொடங்குகிறது.

அம்மின்சாரம் தொழிற்சாலையை ஓட்டியது. துரைமார் பங்களாக்களில் விளக்கேற்றியது. கொழுந்து பறித்த கைகளோ லயங்களில் சிமினி விளக்கின் திரியைத் தூண்டிக் கொண்டிருந்தன. அந்த விளக்கின் புகையடைந்த சுவர்களைப் பற்றி இன்றும் பாட்டிமார் சொல்லக் கேட்கிறோம்.

1924-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெருமழை பிடித்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலால் மலையாள மக்கள் அதனைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே வழங்குவர். மூணாறில் அப்போது ஒரு சிறு இரயில் ஓடிக்கொண்டிருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். 1902-இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-இல் குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்ட அந்த வழி, மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கினூடே டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து சென்றது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி அப்பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, போடியை அடைந்தன. வெள்ளம் அந்த இருப்புப்பாதையைச் சிதைத்து அள்ளிச் சென்றது. மீண்டும் அது போடப்படவே இல்லை. மலை தன் மேல் மனிதன் இழுக்கும் எந்தக் கோட்டையும், அது தண்டவாளமாயினும் மின்கம்பியாயினும், நிலையானதாக ஒப்புவதில்லை என்பதை அன்றே காட்டிவிட்டது.

பொதுமக்களுக்கான மின்சாரம் பிறகு வந்தது. முதிரப்புழை ஆற்று நீரைக் கொண்டு பள்ளிவாசல் மின்நிலையத்தைத் திருவிதாங்கூர் அரசு 1940-இல் இயக்கி வைத்தது. பின்னாளில் அதன் திறன் 37.5 மெகாவாட்டாக உயர்ந்தது. மலையில் பிறந்த அம்மின்சாரம் கம்பி வழியே சமவெளிக்கு இறங்கி ஆலுவாய்த் தொழிற்சாலைகளை ஓட்டியது. வடக்கே பாலக்காட்டின் கதை வேறு. மலபார் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. நீலகிரியின் பைக்காராவில் 1930-களின் தொடக்கத்தில் உண்டான மின்சாரம் கோயம்புத்தூரை அடைந்து, பின்னர் கணவாய் வழியே மேற்கே நீண்டது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லைகள் மாறின; மலபாரும், தேவிகுளம் பீருமேடு தாலுகாக்களும் கேரளத்தின் பகுதிகளாயின. மறு ஆண்டே கேரள மின்சார வாரியம் அமைந்தது. நேரியமங்கலம், பன்னியாறு என மின்நிலையங்கள் அடுத்தடுத்து எழுந்தன. 1976-இல் இடுக்கி நிலையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது; பின்னாளில் அதன் திறன் 780 மெகாவாட்டாக உயர்ந்தது. கேரளத்துக்கு ஒளி தரும் மாவட்டம் இடுக்கி என்று சொன்னால் மிகையாகாது.

அவ்வாறாயின் அம்மாவட்டமே மழைக்காலத்தில் இருளில் மூழ்குவானேன்? மின்நிலையத்தின் அருகில் வாழ்தல் வேறு, மின்சாரத்தின் அருகில் வாழ்தல் வேறு. நிலையத்திலிருந்து தடித்த கம்பிகள் நகரங்களை நோக்கிப் பாய்கின்றன. பத்து வீடுகளுள்ள குன்றுக்கோ மெல்லிய கம்பி ஒன்று, ஏலக்காட்டு மரங்களுக்கும் கிராண்டிஸ் தோப்புகளுக்கும் இடையே வளைந்து வளைந்து வருகிறது. ஒரு கிளை முறிந்து விழுந்தால் போதும். அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே மின்வாரிய ஊழியர் அட்டைக்கடியோடு அரை நாள் நடக்க வேண்டியிருக்கும். பாலக்காட்டுக் கணவாயிலோ தென்மேற்குக் காற்று தடையின்றிப் புகுந்து கம்பங்களை உலுக்குகிறது. காற்றின் வலிமைக்குச் சான்றாகக் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளே நிறுவப்பட்டன.

ஆகவே வசதியுள்ளோர் மீண்டும் சொந்த மின்சாரத்தை நாடினர். எடுத்துச் செல்லத்தக்க சிறு ஜெனரேட்டர்களை ஸ்ரீராம் ஹோண்டா, பிர்லா யமஹா போன்ற கம்பெனிகள் 1980-களில் சந்தைக்குக் கொண்டுவந்தன. கலியாண வீடுகளிலும் கடைவாசல்களிலும் அவற்றின் படபடப்பு பழகிய ஓசையாயிற்று. பின்னர் பாட்டரியில் மின்சாரத்தைச் சேமித்துத் தரும் இன்வெர்ட்டர் வந்தது. நாலு மணி நேரத்து மின்தடைக்கு அது போதும். நாலு நாள் இருளுக்குப் போதாது. இரண்டு கிலோவாட் ஜெனரேட்டர் ஒன்று விளக்குகளையும் மின்விசிறியையும் தொலைபேசிகளையும் தாங்கும். கிணற்று மோட்டாரையும் சேர்த்து முடுக்கினால் திணறும். மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது வேண்டுவதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதே காரணம்.

இதில் உயிருக்கு உலை வைக்கும் பிழைகள் இரண்டு உள. மழைக்கு அஞ்சி யந்திரத்தைத் திண்ணைக்குள்ளோ சமையற்கட்டிலோ வைத்து ஓட்டுவது ஒன்று. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும். மாற்றுச் சுவிட்சு பொருத்தாமல் வீட்டுக் கம்பியில் நேரே இணைப்பது மற்றொன்று. அப்போது நம் வீட்டு மின்சாரம் மீட்டர் வழியே பின்னோக்கிப் பாய்ந்து, டிரான்ஸ்பார்மரில் உயர்ந்த அழுத்தம் பெற்று, கம்பத்தின் மேல் நின்று நமக்காகவே பழுதுபார்க்கும் தொழிலாளியைத் தாக்கும். எரிபொருளைப் பற்றியும் ஒரு சொல். கம்பியை அறுக்கும் மழையே பாதையையும் அறுக்கிறது. பெட்ரோல் பங்க்கின் பம்பும் மின்சாரத்தால் ஓடுவதே. வானம் கறுத்த பின் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பயனில்லை.

2018 ஆகஸ்டில் இவையனைத்தும் ஒருசேர மெய்யாயின. அம்மாதம் 9-ஆம் நாள், 26 ஆண்டுகளுக்குப் பின்னர், இடுக்கி அணையின் செறுதோணி மதகு திறக்கப்பட்டது. மின்சாரமாக வேண்டிய நீர் வெள்ளமாகப் பெருகிச் செல்ல, கரையோர ஊர்கள் இருளில் நின்றன. மூணாற்றை அடுத்த பெரியவாரைப் பாலம் உடைந்தது. பாலக்காட்டுப் பக்கத்தில் நென்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்கு ஏறும் மலைப்பாதை மண்சரிவால் பல இடங்களில் துண்டிக்கப்பட, அத்தோட்டங்களில் இருந்தவர்களுக்கு உணவும் மருந்தும் தலைச்சுமையாகவும் ஹெலிகாப்டரிலும் போக நேர்ந்தது. அரிசியே தலைச்சுமையாகும் வேளையில் டீசலை யார் சுமப்பது?

அவ்வாண்டு நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறித் தமிழகத்தின் காவிரிப்படுகையை அழித்து, வலுக்குறைந்த நிலையிலும் மேற்கே வந்து மலைநாட்டில் மழை பொழிந்தது. கேரள மின்வாரிய ஊழியர்கள் தமிழகத்துக்குச் சென்று கம்பம் நட்டதை நன்றியோடு நினைக்கிறோம். அப்போது படுகை நாட்டு ஊர்கள் ஒரு வழியைக் கண்டன. ஊரார் சேர்ந்து ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டியில் நீரேற்றினார்கள். அதிலேயே தொலைபேசிகளுக்கும் மின்னேற்றினார்கள். வீட்டுக்கொரு யந்திரம் இல்லாத இடத்தில் ஊருக்கொரு யந்திரம் தண்ணீரையும் குரலையும் காத்தது.

2020 ஆகஸ்டில் மலைநாட்டில் அதுவும் இல்லாது போயிற்று. இரவிகுளம் தேசியப் பூங்காவின் இராஜமலைக்கு அப்பால், இடமலைக்குடிக்குப் போகும் வழியில் உள்ளது பெட்டிமுடி. நயமக்காடு எஸ்டேட்டின் ஒரு பிரிவு அது. அங்குள்ள லயங்களில் வாழ்ந்தோர் தமிழர். அவர்களுட் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றை வேராகக் கொண்டவர்கள். பெருமழையால் மின்சாரம் நின்றிருந்தது; மின்சாரமின்றித் தொலைபேசிக் கோபுரமும் ஓய்ந்திருந்தது. 6-ஆம் நாள் இரவு, பதினோரு மணி சுமாருக்கு, மலை சரிந்து லயங்களை மூடியது. எஞ்சியவர்கள் கையில் தொலைபேசிகள் இருந்தன. அவை எவரையும் எட்டவில்லை. பொழுது விடிந்த பிறகே வெளியுலகு செய்தியை அறிந்தது. 66 உடல்கள் கிடைத்தன, நால்வர் கிடைக்கவேயில்லை. 70 பேர் மாண்ட அந்த இரவின் முதற் பொழுதுகளில், மண்ணைத் தோண்ட அண்டை அயலார் கைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. உடனே செய்தி எட்டியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று எவராலும் கணக்கிட இயலாது. ஆயினும் அந்தக் கேள்வி கயத்தாற்றிலும் மூணாற்றிலும் இன்னும் ஓயவில்லை.

வானொலிக்காரர்களாகிய நாம் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாட்டரியில் இயங்கும் டிரான்சிஸ்டர் எத்தனையோ புயல் இரவுகளில் மலைமக்களுக்குத் துணையிருந்திருக்கிறது. தேவிகுளம் நிலையத்தின் ஒலிபரப்பும் கோடைப் பண்பலையும் அங்கு நன்கு கேட்கும். ஆனால் டிரான்சிஸ்டர் நம் குரலை அவர்களிடம் சேர்க்கும். அவர்கள் குரலை நம்மிடம் சேர்க்காது.

வெளிமாநிலத்தில் உழைத்து, ஊரில் ஒரு ஜெனரேட்டர் வாங்கப் பணம் அனுப்ப எண்ணும் அன்பர்கள் தாராளமாக அனுப்பட்டும். முதியோர் தனித்திருக்கும் வீட்டுக்கு அது பெரும் ஆறுதல். அத்துடன் பஞ்சாயத்து உறுப்பினரைத் தொலைபேசியில் அழைத்து, நம் குன்றின் மேல் நிற்கும் கோபுரத்துக்கு ஜெனரேட்டர் உண்டா, எத்தனை நாளைக்கு டீசல் இருக்கிறது, அதை நிரப்புபவர் யார் என்று கேட்டு வைக்கவும். ஆனி பிறந்து காற்றுத் தொடங்கிய பின் கேட்டால், அந்த அழைப்பே போய்ச் சேராமற் போகலாம்.