பெருந்தொற்றுக் காலக் கடனும் நகராட்சிச் சான்றும்: தெருவோர வணிகரை முன்வைத்து

2020 மார்ச் 25ஆம் நாள் தொடங்கிய நாடு தழுவிய ஊரடங்கில் தெருவோர வணிகர் பலர் இழந்தது அன்றாட வருவாயை மட்டுமன்று; கைம்முதலையுமாம். சரக்கு வாங்க வைத்திருந்த பணம் அடுப்பெரிக்கவே கரைந்தது. அவ்வாண்டு சூன் 1ஆம் நாள் தொடங்கப்பெற்ற பி.எம். ஸ்வநிதி திட்டம், ஈடின்றி ரூ.10,000 வரை ஓராண்டுக் கடன் வழங்க வகைசெய்தது. தவணை தவறாதார்க்கு 7 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. நாள்வட்டிக்குக் கடன்பட்டுப் பழகியவர்க்கு இது சிறு தொகையன்று.

ஆயின், கடன் தருவது வங்கி. 'இவர் வணிகர்' எனச் சான்று பகர வேண்டியது நகராட்சி. 2014ஆம் ஆண்டுத் தெருவோர வணிகர் சட்டம் கணக்கெடுப்பையும் விற்பனைச் சான்றையும் முன்னரே விதித்திருந்தது. பல நகரங்களில் அப்பணி முற்றுப்பெறவில்லை. எனவேதான் கணக்கெடுப்பில் விடுபட்டோர்க்கும், அண்டைச் சிற்றூர்களிலிருந்து வந்து விற்போர்க்கும் உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதம் என்னும் மாற்றுவழி வகுக்கப்பெற்றது. இவ்வரலாற்றில் பணத்தினும் அக்கடிதமே கருதத்தக்கது என்பது என் துணிபு. ஆறாண்டு கிடப்பில் இருந்த பெயர்ப்பதிவை ஒரு நோய் விரைவுபடுத்தியது.

2025இல் திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பெற்று, முதற்கடன் ரூ.15,000 ஆயிற்று. ஓரிடத்தில் நிலையாக நின்று விற்கும் உரிமையோ கடனைச் சார்ந்ததன்று. விற்பனைச் சான்றையே சார்ந்தது.